இன்னும் 2 கிலோ குறைக்கணுமா, மேடம்?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

"மேடம், எனக்கு 19 வயது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சேர்ந்து ஹாஸ்டலில் இருக்கிறேன். 5,000, 10,000 மீட்டர் ஓடுகிறேன். போன வருடம் 52 கிலோ, இப்போது 47. எடை குறைந்ததும் 5,000 மீட்டரில் 18:50-லிருந்து 18:20-க்கு வந்தேன். ஆனால் மூன்று மாதமாக 19 நிமிடத்துக்குள் முடிக்க முடியவில்லை. கோச் சார் இன்னும் 2 கிலோ குறைக்கச் சொல்கிறார். 5 மாதமாக பீரியட்ஸ் வரவில்லை. டாக்டர் 5 நாளுக்கு மாத்திரை கொடுத்தார், அப்போதும் வரவில்லை. ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் என்று சீனியர் அக்கா சொன்னார். எனக்கும் ஒரு தொல்லை விட்டது போலத்தான் இருக்கிறது. ஹீமோகுளோபின் 10.8. இடது முன்காலில் மூன்று வாரமாக வலி. ஒரு வாரம் சாப்பிட்டதை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒரு டயட் சார்ட் தாருங்கள். எந்தப் புரோட்டீன் பவுடர் வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்."

உன்னை 'நீ' என்றே எழுதுகிறேன்ம்மா, என் பெரிய மகளுக்கும் உன் வயதுதான்.

சார்ட்டுக்கு முன்னால் காலைப் பார்த்துவிடலாம். கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே தொடங்கி கணுக்கால் வரை, முன்கால் எலும்பின் உள்ஓரத்தை ஆட்காட்டி விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே இறங்கு. ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் கிரவுண்டில் எல்லோரும் சொல்லும் 'ஷின் பெயின்'. ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் உயிர் போகிற மாதிரி வலித்தால், ஒற்றைக்காலில் குதிக்கும்போது அதே புள்ளியில் சுருக்கென்றால், படுத்த பிறகும் விண்விண் என்று தெறித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும், உன் கடிதத்தின் மற்ற விவரங்களைப் படித்த பிறகு நான் சொல்வது ஒன்றுதான்: எலும்பு டாக்டரைப் பார்க்கும்வரை ஓடாதே. ஸ்ப்ரே அடித்து, கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஓடுகிற வேலையும் வேண்டாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் உடனே நிம்மதி அடைந்துவிடாதே. இந்த மாதிரி விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ. தேவையா என்று நீயே கேள். பீரியட்ஸ் நின்று 5 மாதம் ஆகிறது என்பதையும் அவரிடம் சொல். ஆண் டாக்டர் என்றாலும் சொல். எலும்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

சரி, 2 கிலோ. குறைக்கக் கூடாது. ஒரு கிலோகூடக் கூடாது. ஏன் என்று கணக்காகவே காட்டுகிறேன். சார்ட்டை ஒட்டிவைத்தால் ஒரு மாதத்தில் கிழிந்துவிடும், கணக்கு கையில் இருந்தால் எந்த மெஸ்ஸிலும் பிழைத்துக்கொள்வாய்.

நீ எழுதி அனுப்பியதில் ஒரு சராசரி நாள் இது. காலை 5 மணிக்கு வெறும் தண்ணீர். 8 மணிக்கு 3 இட்லி, சாம்பார், மஞ்சள் கருவை எடுத்துப்போட்ட 2 முட்டை. மதியம் ஒரு கப் சாதம், குழம்பு, பொரியல். 4 மணிக்கு டீ, 2 பிஸ்கட். ராத்திரி 2 சப்பாத்தி, குருமா, ஒரு பழம். மெஸ் குருமாவில் மிதக்கும் எண்ணெயைத் தாராளமாகவே சேர்த்துக் கூட்டினேன். 1,500 கலோரியைத் தாண்டவில்லை. ஓடுவதோ, காலையும் மாலையுமாகச் சராசரி 16 கிலோமீட்டர்.

ஓட்டத்துக்குச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு ஓட ஏறக்குறைய ஒரு கலோரி. 47 கிலோ, 16 கிலோமீட்டர்: 750 கலோரி. 1,500-இல் அதைக் கழித்தால் மிச்சம் 750. இதயம் துடிக்க, மூளை வேலை செய்ய, சாப்பிட்டது செரிக்க, எலும்பு வளர, காலையில் கிழிந்த தசையை ராத்திரி தைக்க, எல்லாவற்றுக்கும் உனக்கு இருப்பது இந்த 750தான்.

கொழுப்பை நீக்கிப் பார்த்தால் உன் உடம்பு குத்துமதிப்பாக 40 கிலோ இருக்கும். 750-ஐ 40-ஆல் வகுத்தால் 19 வரும். இந்த எண் 45-ஐ ஒட்டி இருந்தால் உடம்பு எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்யும். 30-க்குக் கீழே போனால் ஒவ்வொன்றாகக் கடையைச் சாத்தும். 2003-இல் அமெரிக்காவில் ஆன் லவுக்ஸ் என்ற ஆய்வாளர் 29 இளம்பெண்களை வைத்து இந்த எல்லையைப் பார்த்தார். 30-க்குக் கீழே இறக்கியபோது, மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் துடிப்பு தாளம் தப்பியது. அதற்கு ஐந்து நாள்தான் தேவைப்பட்டது. நீ எத்தனை மாதமாக 19-இல் ஓடிக்கொண்டிருக்கிறாயோ.

பணம் பாதியாகிவிட்ட மாதத்தில் வீட்டில் அம்மா என்ன செய்வார்? அரிசியும் கரண்ட் பில்லும் முதலில். சுவருக்கு வெள்ளையடிப்பது அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம். உடம்பும் அப்படித்தான் செலவு செய்கிறது. இதயத்துக்கும் மூளைக்கும் கொடுத்துவிட்டு, கர்ப்பப்பை, எலும்பு, ரத்தம், தசை பழுதுபார்ப்பு என்று மற்றதை எல்லாம் தள்ளிப்போடுகிறது. 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த நிலைக்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தது. விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை என்று சொல்லலாம். பையன்களுக்கும் வரும். அவர்களுக்கு பீரியட்ஸ் மாதிரி ஒரு மணி அடிக்காததால் இன்னும் தாமதமாகத்தான் தெரியும்.

உனக்கு மணி அடித்து 5 மாதம் ஆகிறது. தொல்லை விட்டது என்று எழுதியிருக்கிறாய், புரிகிறது. கறை பயத்தோடு ஷார்ட்ஸில் இன்டர்வல் ஓடுவது எவ்வளவு எரிச்சல் என்று எனக்கும் தெரியும், நானும் கல்லூரியில் 3,000 மீட்டர் ஓடியவள்தான். எங்கள் காலத்தில் பீரியட்ஸ் நின்றால் "இப்பத்தான் நல்லா டிரெய்ன் ஆகுது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். யாரும் திருத்தவில்லை. என்னோடு ஓடிய ஒருத்திக்கு ஒரே சீசனில் இரண்டு முறை பாதத்தில் எலும்பு முறிந்தது. ராசி சரியில்லை என்று அவள் அம்மா திருஷ்டி கழித்தார்.

மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்கலாம். நான் உணவியல் நிபுணர், டாக்டர் இல்லை. மருந்தைப் பற்றி முடிவு சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் இந்த விஷயம் உனக்குப் புரிய வேண்டும். அப்படிக் கொடுக்கும் மாத்திரை பெரும்பாலும் கர்ப்பப்பையின் உள்படலத்தை உதிரச் செய்வதற்கானது. ஈஸ்ட்ரோஜன் போதாமல் அந்தப் படலமே வளரவில்லை என்றால் உதிர்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆக, வராமல் போனதே ஒரு துப்பு. மறுபடி அதே டாக்டரிடமோ வேறு மகளிர் டாக்டரிடமோ போ. தைராய்டு, புரோலாக்டின், நீர்க்கட்டி இவற்றை எல்லாம் அவர் பார்த்து ஒதுக்கட்டும். கர்ப்பப் பரிசோதனையும் கேட்பார், அது வழக்கம், முகம் சுளிக்காதே. நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறாய், ஒரு வருடத்தில் 5 கிலோ இறங்கியது, இந்த இரண்டையும் அவர் கேட்காவிட்டாலும் நீயே சொல். ஒருவேளை கருத்தடை மாத்திரை எழுதிக்கொடுத்தால், மாதாமாதம் ரத்தம் வரும். அது மாத்திரை வரவழைப்பது. உன் சினைப்பை விழித்துக்கொண்டதாக அர்த்தம் இல்லை. எலும்பைக் காப்பாற்ற இதை நம்ப வேண்டாம் என்றுதான் 2017-இல் வந்த, ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் வழிகாட்டுதலும் சொல்கிறது. சாப்பாடுதான் முதல் சிகிச்சை.

எலும்புக்கு ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், உன் வயதோடு எலும்பின் சேமிப்புக் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். இருபதுகளில் கொஞ்சம் சேரும், அப்புறம் எடுப்பதுதான். ஈஸ்ட்ரோஜன் இல்லாத ஒவ்வொரு மாதமும் போட வேண்டிய நேரத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறாய். அமெரிக்காவின் மேரி கெய்ன் 2013-இல் மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் 1,500 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடினார், 17 வயதில். ஆறு வருடம் கழித்து அவரே வெளியே வந்து சொன்னார்: எடையைக் குறை, இன்னும் குறை என்ற நெருக்கடியில் மூன்று வருடம் பீரியட்ஸ் இல்லை, ஐந்து எலும்பு உடைந்தது. அவ்வளவு பெரிய திறமை, அதன் பிறகு பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை.

சாரிடம் எலும்பு, ஹார்மோன் என்றெல்லாம் பேசினால் எடுபடாது என்று நீ நினைக்கலாம். டைமிங் பேசு. அமெரிக்காவில் 15 முதல் 17 வயதுவரை உள்ள நீச்சல் வீராங்கனைகள் 10 பேரை 12 வாரம் கவனித்து 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. எல்லோரும் கடும் பயிற்சிதான். சுழற்சி சரியாக இருந்தவர்களின் 400 மீட்டர் வேகம் 8.2 சதவீதம் கூடியது. சினைப்பை அடங்கிப்போனவர்களின் வேகம் 9.8 சதவீதம் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் உன் டைமிங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்: 52 கிலோவில் 18:50, இறங்கும்போது 18:20, இப்போது 19-க்கு மேல். முதலில் இறங்கியதும் வேகம் கூடியதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது, உன் சாரையும் சேர்த்து. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு அவருடைய சார் சொல்லிக்கொடுத்தது இது. டாக்டரின் குறிப்போடு போய்ப் பேசு. தனியாகப் பேசத் தயக்கம் என்றால் உடற்கல்வித் துறையில் இருக்கும் ஒரு மேடத்தையோ அம்மாவையோ கூட்டிக்கொள். சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் எடை பார்க்கும் வழக்கம் இருந்தால், உனக்கு இப்போதைக்கு அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்.

இனி சாப்பாடு. 40 கிலோவுக்கு 45 வீதம் 1,800, ஓட்டத்துக்கு 750, ஆக 2,550. உனக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 கலோரி பாக்கி. பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் மதியம் ஒரே தட்டில் குவித்தால் வயிறு தாங்காது, மெஸ்ஸிலும் முறைப்பார்கள். அதனால் ஓட்டத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வை.

உன் பட்டியலில் என் கண்ணை உறுத்தியது அளவைவிட நேரம். முந்தின நாள் ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டவள், மறுநாள் காலை 8 வரை ஒன்றும் சாப்பிடவில்லை. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளேதான் 10 கிலோமீட்டர் ஓடியும் முடித்திருக்கிறாய். நாள் முழுக்கச் சேர்த்துச் சரியாகச் சாப்பிட்டாலும், இப்படி நீண்ட நேரம் காலியாக ஓடுவது தனியாகவே கெடுதல். எனவே 4:45-க்கு ஒரு வாழைப்பழமும் இரண்டு மூன்று பேரீச்சம்பழமும். வாய் கொப்பளித்துவிட்டு நின்றபடியே சாப்பிட்டுவிடலாம், வயிற்றைப் பிசையாது. முதல் வாரம் ஒரு மாதிரி இருந்தால் பாதிப் பழத்தில் தொடங்கு.

ஓடி முடித்ததும் மெஸ் திறக்கக் காத்திருக்காதே. முந்தின இரவே மெஸ் அக்காவிடம் சொல்லி வைத்து, காலையில் ஒரு பிளாஸ்க்கில் சூடான பால் வாங்கிக்கொள்ள முடியுமா பார். சத்துமாவுக் கஞ்சி என்றால் இன்னும் நல்லது, 300 மில்லி பாலில் இரண்டு மேசைக்கரண்டி மாவும் சர்க்கரையும் சேர்ந்தாலே 300 கலோரிக்கு மேல் போகும். முடியாவிட்டால் பக்கத்து ஆவின் பாலகத்தில் பால் பாட்டிலும் ஒரு பன்னும். யூடியூப் பார்த்துவிட்டுப் பன்னைக் கேவலமாக நினைக்காதே. ஓடி முடித்த அரைமணியில் அதைவிட வேகமாகக் காலுக்குப் போய்ச் சேரும் சாப்பாடு குறைவு.

8 மணிக்கு 3 இட்லியை 5 ஆக்கு. மஞ்சள் கருவைத் தூக்கிப்போடுவதை இன்றோடு நிறுத்து. வைட்டமின் டி, பி12 எல்லாம் அதில்தான் இருக்கிறது. மதியம் சாதம் இன்னொரு கரண்டி, கடைசியில் ஒரு கப் தயிர். 4 மணி பிஸ்கட்டுக்குப் பதில் வேகவைத்த நிலக்கடலையோ சுண்டலோ ஒரு கப். நடுவில் பசித்தால் கடலை மிட்டாய். கோவில்பட்டிக்காரர்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை தனி, எனக்கோ ஒரு ஓட்டக்காரியின் பையில் இருக்க வேண்டிய எல்லாமே ஒரு சதுரத்தில் இருக்கிறதே என்ற சந்தோஷம்.

சோறு உன் எதிரி இல்லை. இரண்டு வேளையும் ஓடும் உனக்கு ஒரு கிலோ எடைக்கு 6 முதல் 8 கிராம் மாவுச்சத்து, அதாவது நாளுக்கு 280 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். ஒரு கப் சோற்றில் 45 கிராம் சொச்சம்தான் இருக்கிறது. "ராத்திரியில் சாதம் கூடாது" என்பது நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் என்னைப் போன்றவர்களுக்குச் சொன்னது. வெள்ளிக்கிழமை விரதத்தையும் சீசன் முடியும்வரை அம்மனிடம் சொல்லிவிட்டு ஒத்திவை. அவளுக்குப் புரியும்.

கால் ஓய்வில் இருக்கும்போது "ஓடவில்லையே, எதற்குச் சாப்பாடு" என்று குறைத்துவிடாதே. நான் பார்த்த பெண்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் சறுக்கினார்கள். எலும்பு ஒட்டுவதற்கும் செலவு உண்டு. ஓடாத நாளிலும் 2,000-க்குக் கீழே போகாதே. கடன் வேகமாக அடைவதும் இந்த நாட்களில்தான். நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். அரை லிட்டர் பாலும் தயிருமாக ஒரு பங்கு, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350, மீன் சாப்பிடுவாய் என்றால் முள்ளோடு மெல்லும் நெத்திலி, அப்புறம் எள்ளுருண்டை.

ஹீமோகுளோபின் 10.8 என்பது 12-க்குக் கீழே, ரத்தசோகைதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேர் இப்படி இருந்தார்கள். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் தசைக்கு ஆக்ஸிஜன் தூக்குவது இதுதான். 5,000 மீட்டர்க்காரிக்கு 10.8 என்றால் கைப்பிரேக்கை விடாமல் வண்டி ஓட்டுவது மாதிரி. இன்னொன்றையும் கவனி: பீரியட்ஸ் இல்லாத உனக்கு அந்த வழியில் ரத்தம் போகவில்லை. அப்படியும் குறைகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே போவது போதவில்லை. ஃபெரிட்டின் பரிசோதனையும் எடு, சேமிப்பில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அதுதான் காட்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தந்த நீல மாத்திரையை நீயும் ஜன்னல் வழியே எறிந்தவளாக இருக்கலாம். இந்த முறை டாக்டர் தரும் மாத்திரையை ஒழுங்காகப் போடு. டீ, காபியோடு கூடாது, ஒரு மணி நேரமாவது தள்ளி. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாக உறிஞ்சும். ஓட்டம் திரும்பிய பிறகு, ஓடி முடித்த அரைமணிக்குள் போட்டுக்கொள்வது நல்லது. ஓட்டத்துக்குப் பின் 3 முதல் 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடலில் இரும்பு நுழையும் கதவைப் பாதி சாத்திவிடும்.

புரோட்டீன் பவுடர் வேண்டாம். உனக்கு 70, 75 கிராம் புரதம் போதும். மேலே சொன்ன முட்டை, பால், தயிர், கடலை, பருப்பிலேயே அது வந்துவிடும். டப்பாவில் எழுதாத பொருள் கலந்திருந்து டோப் டெஸ்ட்டில் மாட்டினால், "எனக்குத் தெரியாது" என்ற பதிலை யாரும் ஏற்க மாட்டார்கள். உடம்புக்குள் இருப்பதற்கு நீதான் பொறுப்பு என்பது விதி.

கலோரி கணக்கை இந்த ஒருமுறையோடு மறந்துவிடு. ஆப்பில் ஏற்றி ஒவ்வொரு இட்லிக்கும் எண் பார்க்க ஆரம்பித்தால் அது வேறு வியாதியில் கொண்டுபோய் விடும். காலையில் பசியோடு எழுகிறாயா, தூக்கம் வருகிறதா, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவது குறைந்ததா என்று பார். எடை இரண்டு மூன்று கிலோ ஏறும், ஏறட்டும். பீரியட்ஸ் திரும்ப மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். இன்னொரு கரண்டி சோறு என்று படித்ததுமே நெஞ்சு படபடத்தது, தட்டைப் பார்த்தால் குற்றவுணர்ச்சி வருகிறது என்றால் அதை மறைக்காதே. மனநல ஆலோசகரையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம் அது. கல்லூரியில் இருக்கிறார்களா என்று விசாரி.

ஃபெரிட்டின் ரிப்போர்ட்டும் எலும்பு டாக்டர் சொன்னதும் கைக்கு வந்ததும் மறுபடி எழுது. கடலை மிட்டாயை இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வை. எறும்பைச் சமாளித்துவிடலாம், ரூம்மேட்டுக்கும் சேர்த்தே வாங்கிவிடு.